விபத்து நேராத நாளை அளப்பது எப்படி?

மும்பையிலும் புணேயிலும் சோலாப்பூரிலும் குடியேறி வாழும் தமிழர்க்கு ரேணிகுண்டா என்னும் பெயர் புதிதன்று. இராய்ச்சூர், குண்டக்கல், கடப்பை ஆகிய ஊர்களைக் கடந்து வரும் வண்டி ரேணிகுண்டாவில் நிற்கும்போதே தெலுங்கோடு தமிழும் கலந்து காதில் விழத் தொடங்கும். ஊர் நெருங்கிவிட்டது என்ற எண்ணத்தில் பலர் பெட்டி படுக்கைகளைச் சரிசெய்யத் தொடங்குவர். திருப்பதி நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இச்சந்திப்பில் நான்கு திசைப் பாதைகள் கூடுகின்றன. ஒன்று அரக்கோணம் வழியாகச் சென்னைக்குச் செல்வது. மற்றொன்று கடப்பை, குண்டக்கல் வழியாக மும்பைக்குச் செல்வது. மூன்றாவது கூடூருக்குப் போய் வடநாட்டுப் பெருவழியோடு சேர்வது. நான்காவது திருப்பதி, பாகாலா வழியாகக் காட்பாடியை அடைவது. விரைவு வண்டிகள், யாத்திரிகர் வண்டிகள், சரக்கு வண்டிகள் ஆகியவை இரவும் பகலும் ஒன்றன்பின் ஒன்றாக இதனுள் நுழைந்து வெளியேறுகின்றன.

இத்தகைய ஒரு சந்திப்பில் ஒரு நாள் முழுவதும் விபத்து ஏதும் நேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நாள் பாதுகாப்பான நாள்தானா? எல்லோரும் விதிப்படி விழிப்போடு பணி செய்ததால் விபத்து நேராமல் போயிருக்கலாம். இரண்டு மூன்று இடங்களில் விதி மீறப்பட்டும், நல்ல வேளையாக ஒன்றும் நேராமல் போயிருக்கலாம். நாட்குறிப்பேட்டில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யந்தான் பதிவாகும். இந்த இரண்டு பூஜ்யங்களையும் வேறுபடுத்திக் காட்டும் அளவுகோல் உண்டா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ரயில்வேயின் கணக்குப் புத்தகத்தையே முதலில் புரட்டிப் பார்ப்போம். 2000-01ஆம் ஆண்டில் இந்திய ரயில்வேயில் பெருவிளைவு தந்த விபத்துகள் 473. அவை ஆண்டுதோறும் குறைந்து 2023-24இல் 40 ஆயின. பத்து லட்சம் வண்டிக் கிலோமீட்டருக்கு 0.65 என்றிருந்த விகிதம் 0.03 என்று இறங்கிற்று. பாதை புதுப்பித்தல், ஆளில்லாத லெவல் கிராஸிங்குகளை அகற்றுதல், புதிய பெட்டிகள் முதலியவற்றின் பயன் இதில் தெளிவாகத் தெரிகிறது. அதனைக் குறைத்துப் பேசுவது முறையன்று. ஆயினும், அந்த 40 என்னும் சிறிய எண்ணுக்குள்தான் 2023 ஜூன் 2ஆம் நாள் மாலை ஒடிசாவின் பாஹாநகா பஜார் நிலையத்தில் நேர்ந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தும் அடங்கியிருக்கிறது. அதில் இறந்தோர் 290க்கும் மேற்பட்டோர். கல்கத்தா, கட்டாக், புவனேசுவரம் ஆகிய ஊர்களில் வாழும் தமிழர்கள் தாய்வீட்டு வண்டி என்று கருதும் வண்டி அது. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்த அதே காலத்தில் ஆபத்து வேறு எங்கோ வளர்ந்துகொண்டிருந்தது.

விபத்துகளை எண்ணுவது கடந்து போனதைத்தான் காட்டும். நோயால் இறந்தவர்களைக் கணக்கிட்டு ஊரின் உடல்நலத்தை மதிப்பிடுவது போன்றது அது. இறப்பு அரிதாக அரிதாக, அந்தக் கணக்கிலிருந்து கற்கக்கூடியதும் குறைந்துபோகிறது. ஆகவேதான் அபாயம் மிகுந்த தொழில்களை ஆராய்ந்தோர் வேறொன்றை அளக்க முற்பட்டனர். அதற்குப் ‘பாதுகாப்புப் பண்பாடு’ என்று பெயர். 1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் அணுமின் நிலையம் வெடித்தபின், சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு இச்சொல்லைப் பரவலாக்கிற்று. 1991இல் அதனை விளக்கித் தனி அறிக்கையும் வெளியிட்டது. பெரிய சொல்லாகத் தோன்றினும் பொருள் எளியதுதான். மேற்பார்வையாளர் அருகில் இல்லாதபோதும், வண்டி தாமதமாகி மேலிடத்திலிருந்து தொலைபேசி மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதும் ஒரு நிறுவனத்தின் மக்கள் பாதுகாப்பை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதே அது.

இதை அளக்க முயன்றவர்களில் முன்னோடி இஸ்ரேலைச் சேர்ந்த டோவ் சோஹர். 1980இல் அவர் 20 தொழிற்சாலைகளின் தொழிலாளரிடம் 40 வினாக்கள் கொண்ட தாளைக் கொடுத்தார். ‘நீங்கள் தலைக்கவசம் அணிகிறீர்களா?’ என்பது போன்ற வினாக்களை அவர் பெரிதாகக் கருதவில்லை. உற்பத்திக்கும் பாதுகாப்புக்கும் போட்டி வரும்போது நிர்வாகம் எதன் பக்கம் நிற்கும் என்று தொழிலாளர் நம்புகிறார்கள் என்பதையே அவர் அறிய விரும்பினார். மேலதிகாரியின் மனத்தைத் தொழிலாளி எப்படிப் படித்திருக்கிறான் என்பதே பாதுகாப்புக்கு நெருங்கிய அடையாளம் என்று அவர் கண்டார். இன்றும் உலகெங்கும் வழங்கும் வினாத்தாள்கள் பெரும்பாலும் இந்த வித்திலிருந்து முளைத்தவையே.

வினாத்தாளில் ஒரு சூட்சுமம் உண்டு. சராசரி மதிப்பெண்ணைவிட, விடைகளுக்கிடையே உள்ள இடைவெளிதான் அதிகம் பேசும். ‘குறைகளைச் சொன்னால் நடவடிக்கை எடுக்கப்படுகிறது’ என்பதற்கு அதிகாரிகளுள் பெரும்பாலோர் ஆம் என்றும், பாதையில் சுத்தியலும் கொடியும் ஏந்தி நடப்போருள் பெரும்பாலோர் இல்லை என்றும் எழுதினால், அந்த நிறுவனத்தில் செய்தி கீழிருந்து மேலே ஏறும் ஏணி எங்கோ முறிந்திருக்கிறது என்று பொருள். எல்லோரும் ஒரே குரலில் ஆம் என்று எழுதினாலும் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. தாளைத் திரும்பப் பெறுபவர் தம் மேலதிகாரியாக இருந்தால் எவன்தான் இல்லை என்று எழுதுவான்?

தவறான அளவுகோல் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் இருந்த பி.பி. எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை ஒரு சான்று. 2004இல் அங்கே பணியாளர் காயமுறும் விகிதம் அவ்வாலையின் வரலாற்றிலேயே மிகக் குறைந்திருந்தது. 2005 மார்ச் 23ஆம் நாள் அங்கு நேர்ந்த வெடிப்பில் 15 பேர் மாண்டனர். வழுக்கி விழுதல், விரல் நசுங்குதல் போன்ற சிறு காயங்களை எண்ணி அவை குறைவதைக் கண்டு நிர்வாகம் திருப்தியுற்றிருந்தது. கோபுரங்களும் குழாய்களும் கருவிகளும் பழுதுற்றுக் கிடந்ததை அந்த எண் காட்டவே இல்லை. பின்னர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைந்த குழு அந்நிறுவனத்தின் ஐந்து அமெரிக்கச் சுத்திகரிப்பாலைகளிலும் பணியாளரிடையே வினாத்தாள் ஆய்வு நடத்தி, 2007 ஜனவரியில் அறிக்கை தந்தது. விபத்துக்குப் பின் கேட்ட அந்த வினாக்களை முன்பே கேட்டிருக்கலாம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

இனி நம் இருப்புப்பாதைக்கே திரும்புவோம். ரேணிகுண்டா போன்ற சந்திப்பில் வண்டியைக் காப்பது ‘இன்டர்லாக்கிங்’ என்னும் பிணைப்பு முறை. தண்டவாளத்தின் பிரிவு முனை ஒரு பாதைக்குத் திருப்பப்பட்டுப் பூட்டப்பட்டாலன்றி, அப்பாதைக்குரிய சிக்னல் பச்சை காட்டாது. லெவல் கிராஸிங் கதவு மூடினாலன்றி வண்டிக்கு வழி கிடைக்காது. ஸ்டேஷன் மாஸ்டர் தவறிழைக்க நினைத்தாலும் எந்திரம் இடந்தராது. இந்த எந்திரத்துக்கே பழுது வந்தால், சிக்னல் பராமரிப்பாளர் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுத்து மூலம் துண்டிப்புக் குறிப்புக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். அதன்பின் அவ்விடத்தில் வண்டிகள் மெல்ல, கையெழுத்துச் சீட்டின்பேரில்தான் செல்ல வேண்டும். வேலை முடிந்தபின் ஒவ்வோர் இணைப்பையும் சோதித்துப் பார்த்தே மீண்டும் சேர்க்க வேண்டும். இதனால் வண்டிகள் தாமதமாகும். தாமதத்துக்கு விளக்கம் கேட்கப்படும். கம்பிகளிருக்கும் பெட்டியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் தற்காலிகமாக ஓர் இணைப்புக் கொடுத்துவிட்டால் எவருக்கும் சங்கடமில்லை. விதிக்கும் வசதிக்கும் இடையே நிகழும் இந்த ஐந்து நிமிடப் போராட்டத்தில் யார் வெல்கிறார் என்பதுதான் பாதுகாப்புப் பண்பாடு.

2023 பிப்ரவரி 8ஆம் நாள் கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் யஷ்வந்த்பூரிலிருந்து நிஜாமுதீன் செல்லும் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் தான் செல்ல வேண்டிய பாதைக்கு மாறாக வேறு பாதைக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஓட்டுநர் முனை மாறியிருப்பதைக் கண்ணால் கண்டு வண்டியை நிறுத்தினார். எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. தென்மேற்கு ரயில்வேயின் உயர் இயக்க அதிகாரி ஒருவர் மறுநாளே கடிதம் எழுதினார். துண்டிப்புக் குறிப்பின்றிக் கம்பிப் பெட்டிகளில் கை வைக்கும் வழக்கத்தை நிறுத்தாவிடில் பெருவிபத்துகள் நேரும் என்பது அதன் சாரம். நான்கு மாதங்கள் கழியுமுன் பாஹாநகாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு முதன்மைப் பாதைக்குரிய பச்சை விளக்கு எரிந்தது. பிரிவு முனையோ பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாதுச் சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. லெவல் கிராஸிங் கதவின் எந்திரத்தை மாற்றும் வேலையிலும், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த மின்சுற்று மாற்றத்திலும் நேர்ந்த பிழைகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டார். கம்பிகளின் பெயர்ச்சீட்டுகள் தவறாக இருந்தன. இவற்றுக்கும் மேலாக, 2022 மே 16ஆம் நாள் அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ராநயாபாஜ் நிலையத்தில் இதே வகைப் பிழை நேர்ந்திருந்ததையும், அப்போதே அதனை எங்கும் சரிசெய்திருந்தால் இவ்விபத்து நேர்ந்திராது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

எண்ணற்ற வினாத்தாள்கள் தராத அளவை இந்த மூன்று தேதிகளும் தருகின்றன. ஒரு கோட்டத்தில் தப்பிய ஆபத்தின் செய்தி அடுத்த கோட்டத்தின் கடைசிப் பராமரிப்பாளனைச் சென்றடைய எத்தனை நாள் ஆகிறது, சென்றடைந்தபின் எத்தனை கம்பிப் பெட்டிகள் திறந்து பார்க்கப்படுகின்றன என்பதைக் கணக்கிடலாம். நிறுவனம் கற்கும் வேகத்தையே நேராக அளப்பதாகும் அது. இதைக் கணக்கிட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கடிதப் போக்குவரத்துப் பதிவேடு போதும்.

வங்காளத்தில் ரங்கபாணிக்கு அருகே 2024 ஜூன் 17ஆம் நாள் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ்மீது சரக்கு வண்டி பின்னாலிருந்து மோதியது. சரக்கு வண்டியின் ஓட்டுநரும் எக்ஸ்பிரஸின் கார்டும் இறந்தோருள் அடங்குவர். சிவப்பைப் பொருட்படுத்தாது ஓட்டிய ஓட்டுநரே குற்றவாளி என்ற பேச்சு அன்றைக்கே எழுந்தது. மறுத்துரைக்க அவர் உயிரோடில்லை. பாதுகாப்பு ஆணையரின் விசாரணை வேறொரு காட்சியைக் காட்டிற்று. அன்று அதிகாலை முதலே தானியங்கிச் சிக்னல்கள் பழுதுற்றிருந்தன. பழுதான சிக்னல்களைக் கடக்க ஓட்டுநர்களுக்குச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை. அப்பகுதியில் நுழைந்த ஏழு வண்டிகளில், ஒவ்வொரு பழுதான சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்று, மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மிகாமல் சென்றது காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் ஒன்றுதான். மற்ற ஆறும் வெவ்வேறு வேகத்தில் சென்றன.

ஒரே சீட்டு, ஏழு ஓட்டுநர்கள். அவர்களுள் விதியை விதித்தபடி அறிந்து நடந்தவர் ஒருவர் என்றால், அதனை ஒரு மனிதனின் பிழை என்று முடித்துவிடலாமா? பாதுகாப்பு ஆணையர் போதிய பயிற்சியும் அறிவுரையும் தரப்படாததைக் குறிப்பிட்டு, காத்திருந்த விபத்து இது என்றே கருதினார். மோதாமல் போன ஐந்து வண்டிகளின் வேகப் பதிவுகளும் எஞ்சினின் பதிவுக்கருவியில் இருந்தன. விபத்து நேராத நாட்களில் அவற்றை எடுத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தால், ஆபத்தின் அளவு முன்கூட்டியே தெரிந்திருக்கும். பாதுகாப்புப் பண்பாட்டை அளக்க இதைவிடச் செம்மையான வழியை நாம் அறியோம்.

ஆபத்தான தொழில்கள் எல்லாவற்றிலும் கிடைத்தற்கரிய பொருள் கெட்ட செய்திதான். சிவப்பு விளக்கைக் கடந்துவிட்ட ஓட்டுநர் வேலையையே இழக்க நேரும் என்றிருக்கும்போது, நூலிழையில் தப்பிய பிழையைத் தானாக முன்வந்து எவர் சொல்வார்? தண்டனை வேண்டாம் என்பது நம் கருத்தன்று. மது அருந்தி வண்டி ஓட்டுபவனை மன்னிக்க முடியாது. ஆனால் அயர்வால் நேர்ந்த பிழையையும் அலட்சியத்தையும் ஒரே தராசில் நிறுத்தினால், செய்தியின் ஊற்றுக்கண் அடைபட்டுப்போகும். விமானத் துறையில் இதற்கு ஒரு வழி கண்டனர். 1976 முதல் அமெரிக்காவில் விமானிகள் தம் பிழைகளையும் தாம் கண்ட ஆபத்துகளையும் எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. அறிக்கைகளைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரம் உடைய விமானப் போக்குவரத்து ஆட்சியன்று. அவ்வதிகாரம் இல்லாத நாசா. அனுப்பியவர் பெயர் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்யாத பிழையைப் பத்து நாட்களுக்குள் தெரிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து வரையறைக்குட்பட்ட விலக்கும் உண்டு. பிரிட்டிஷ் ரயில்வேயில் 1996இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய இதுபோன்ற ஏற்பாடு, 1999இல் லண்டனின் லாட்பிரோக் குரோவ் விபத்தில் 31 பேர் இறந்தபின் நாடு முழுவதும் விரிவடைந்தது. அங்கே மீறப்பட்ட சிக்னல், முந்தைய ஆறாண்டுகளில் எட்டு முறை ஏற்கெனவே மீறப்பட்டிருந்தது. எட்டு ஓட்டுநர்கள் ஒரே இடத்தில் தவறினால், தவறு அந்த இடத்தில் இருக்கிறது.

இவ்வாறு அறிக்கைகள் வரத் தொடங்கும்போது நிர்வாகங்கள் பெரும்பாலும் ஒரு மயக்கத்துக்கு ஆளாகின்றன. சென்ற ஆண்டு பத்து, இந்த ஆண்டு நூறு என்றால் நிலைமை சீர்கெட்டதாக எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் ஊழியரின் நம்பிக்கை வளர்கிறது என்பதற்கே அது பெரும்பாலும் அடையாளம். அறிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைக்கும் அதிகாரி, ஊழியர் வாயைத்தான் மூடுவார்.

எளிய நிர்வாகக் கணக்குகளும் அளவையே. 2017-18 முதல் 2020-21 வரை தடம் புரளல் பற்றி ஆராய்ந்து தணிக்கைத் துறைத் தலைவர் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கச் செய்த அறிக்கையின்படி, அக்காலத்தின் 217 பெருவிளைவு விபத்துகளில் 163 தடம் புரளல்கள். தண்டவாளத்தின் நிலையைப் பதிவு செய்யும் ஆய்வு வண்டிகள் மேற்கொள்ள வேண்டிய ஆய்வுகளில் 30 முதல் 100 விழுக்காடு வரை குறை இருந்தது. ஆய்வு வண்டி வரவில்லை என்பது விபத்தன்று; எந்தச் செய்தித்தாளிலும் அது தலைப்பாகாது. ஆயினும், வரவேண்டிய தேதியில் அது வந்ததா என்ற ஒரு வினா, சுவரில் ஒட்டிய நூறு பாதுகாப்பு வாசகங்களைக் காட்டிலும் நமக்கு அதிகம் உணர்த்தும்.

இருப்புப்பாதைத் துறையில் பழையதொரு நல்ல வழக்கமும் உண்டு. சிக்னலை நெருங்கும்போது ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் அதன் நிறத்தைக் கையால் சுட்டி உரக்கக் கூவுவர். ஜப்பானில் இதனை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிலையம் 1994இல் நடத்திய சோதனையில், சுட்டிக் கூவும்போது பிழைகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. இதையும் அளக்கலாம், அளக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பரிசோதகர் எஞ்சினில் ஏறும் நாளில் குரல் கணீரென்று ஒலிக்கும். மற்ற நாட்களில் எப்படி ஒலிக்கிறது என்பதுதான் கேள்வி.

பழைய விபத்துகளை நினைத்துப் பார்த்தால் காலமாற்றம் விளங்கும். 1902 செப்டம்பரில் ரேணிகுண்டாவுக்கு வடமேற்கே கடப்பைப் பக்கத்து மங்கப்பட்டணத்தில் வெள்ளம் பாலத்தை அரித்து மெயில் வண்டி வீழ்ந்தது. 1956 செப்டம்பரில் மகபூப்நகரிலும், அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அரியலூரிலும் வெள்ளமே பாலங்களைக் கொண்டுபோயிற்று. அரியலூருக்குப் பின் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சராயிருந்த நம் ஓ. வி. அழகேசன் தமிழ்நாட்டில் கடுஞ்சொற்களுக்கு ஆளானார். சாஸ்திரியின் செயல் இன்றும் போற்றப்படுவது தக்கதே. எனினும், தலைவர் விலகியதும் பொதுமக்களின் சினம் தணிந்துவிடுகிறது; எந்தப் பாலத்தை யார், எப்போது சோதித்தார் என்ற வறண்ட வினாக்களைக் கேட்கப் பொறுமை எவருக்கும் எஞ்சுவதில்லை. அவ்வினாக்களைக் கேட்பதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. ரயில்வே ஆய்வாளர்கள் 1941இல் ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரிக்கப்பட்டனர். அவ்வமைப்பு 1961இல் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்று பெயர் பெற்றது. 1967 முதல் விமானப் போக்குவரத்துக்குரிய அமைச்சகத்தின்கீழ் அமைந்தது. வண்டிகளை ஓட்டுவோர் கையில் அதன் கடிவாளம் இருக்கக் கூடாது என்பதே இந்த விந்தையான ஏற்பாட்டின் கருத்து. 2012இல் அனில் காகோட்கர் தலைமையிலான உயர்நிலைக் குழு, இன்னும் வலிமையும் சுதந்திரமும் உள்ள பாதுகாப்பு அதிகார அமைப்பு ஒன்றைச் சட்டத்தின்வழி நிறுவுமாறு பரிந்துரைத்தது.

அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரண்டு இரவுகள் வண்டியில் கழிகின்றன. நம் பங்குக்கும் ஓர் அளவு உண்டு. பழுதான சிக்னலில் வண்டி ஒரு நிமிடம் நின்று, பிறகு மாட்டுவண்டி போல் ஊர்ந்து செல்லும்போது, பெட்டிக்குள் எழும் முணுமுணுப்பின் அளவே அது. அந்த முணுமுணுப்பு புகாராகி, புகார் விளக்கம் கேட்கும் கடிதமாகி, கடைசியில் கம்பிப் பெட்டியின் முன் சாவியோடு நிற்கும் பராமரிப்பாளனிடம் போய்ச் சேருகிறது.